ஒன்று கையில், ஒன்று போத்தலில்

ஒரு செடியில் பூ வெட்டியதும் அடுத்த செடிக்குப் போகாமல் நான் ஏன் கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறேன் என்று என்னோடு வேலை செய்தவர்கள் பல தடவை கேட்டிருக்கிறார்கள். "சரசக்கா மந்திரம் சொல்றாங்க, பேச்சுக் குடுக்காதீங்க" என்று கேலியும் செய்வார்கள். நான் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன். நாலு பேர் முன்னால் பேசுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. கடைசியாக நான் வேலை செய்த நர்சரியில் இப்போது செடிக்கு ஒரு பிளேடு கொடுக்கிறார்கள். ஒரு தடவை வெட்டிவிட்டு எறிந்துவிடலாம். நிற்க வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் என் கால் தானாக நின்றுவிடும்.

முழங்கால் வலியால் ஐம்பத்தாறு வயதில் வேலையை விட்டேன். வருட முடிவில் அச்சிடும் சிறு புத்தகத்துக்கு ஏதாவது எழுதித் தரும்படி அங்கே உள்ளவர்கள் கேட்டார்கள். ஓ.எல். பரீட்சை வரை படித்தவள் நான். பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம் என்பதால் சம்மதித்தேன். அவர்கள் கேட்ட கேள்விக்கே பதில் எழுதுகிறேன்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். மலையகத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்கினார். பரீட்சை எழுதியபின் இரண்டு வருடம் ஒரு தையல் ஆலையில் பட்டன் தைத்தேன். அந்தச் சத்தம் எனக்கு ஒத்துவரவில்லை. அப்போது, வெள்ளவத்தையில் ஒரு மிஸ் வீட்டுக்குப் பின்னால் அந்தூரியம் வளர்த்து விற்கிறார், கை நிதானமான ஒரு பிள்ளை தேடுகிறார் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். போனேன். முதல் வருடம் முழுவதும் தேங்காய் மட்டை ஊறவைத்தேன், இலை கழுவினேன். கத்தியைத் தொட விடவில்லை. இரண்டாவது வருடம் ஒரு நாள் மிஸ் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நடுங்கேல்லை. நாளைக்கு வெட்டும்" என்றார். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

மிஸ் யாழ்ப்பாணத்தவர். பம்பலப்பிட்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் தாவரவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. மகள்மார் வெளிநாட்டில். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் வீடு. தோட்டத்துக்குள் வரும்போதும் சேலைதான் உடுத்தியிருப்பார். தலைப்பை இடுப்பில் செருகி, அது நழுவாமல் உடுப்புக் காயப்போடுகிற கிளிப் ஒன்றைக் குத்தியிருப்பார். என்னை "நீர்" என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். அவர் ஏசியதே இல்லை. ஏதாவது பிழை நடந்தால் அந்தச் செடிக்கு முன்னால் போய் நின்று, செடியைப் பார்த்தபடி, "இதுக்கு என்ன நடந்தது?" என்று கேட்பார். யாரையும் பார்க்க மாட்டார். யாராவது பதில் சொல்லும்வரை அப்படியே நிற்பார். என்னைப் போன்ற ஆளுக்கு ஏச்சைவிட அது கஷ்டம்.

அந்தூரியத்துக்கு வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் ஆகாது. வீட்டுக்குப் பின்னால் ஓர் ஈரப்பலா மரம் நின்றது. மரத்தின் நிழல் போதாத இடத்தில் மூங்கில் கட்டிக் கறுப்பு வலை போட்டிருந்தோம். நிழல் சரியா என்று பார்க்க மிஸ் ஒரு முறை வைத்திருந்தார். பகல் பன்னிரண்டு மணிக்குச் செடிக்கு மேல் கையை விரித்துப் பிடிக்க வேண்டும். இலையில் கையின் நிழல் தெரிய வேண்டும், விரல்கள் தனித்தனியாகத் தெரியக் கூடாது. விரல் தெரிந்தால் இன்னொரு வலை போடுவோம். கையின் நிழலே தெரியாவிட்டால் ஈரப்பலாவில் ஒரு கிளை வெட்டுவோம். நிழல் கூடினால் இலை கரும்பச்சையாகச் செழிக்கும், பூ மட்டும் வராது. "நல்லாச் சாப்பிட்டு நித்திரை கொள்ளுற பிள்ளையள் மாதிரி" என்பார் மிஸ்.

தேங்காய் மட்டையை மூன்று கிழமை, இருபத்தொரு நாள், ஊறவைத்து, தண்ணீரின் செம்மண் நிறம் போகும்வரை மாற்றி மாற்றி ஊற்றுவோம். பிறகு கொத்தி, உடைந்த செங்கல்லும் கரியும் கலந்து பாத்தியில் போடுவோம். செடி உயர உயரக் கீழ் இலைகள் விழுந்து தண்டிலிருந்து வேர்கள் வெளியே வரும். அந்த வேர்கள் மூடும் அளவுக்கு மட்டும் புது மட்டை அணைக்க வேண்டும். குருத்தில் படக் கூடாது. ரயில் பாதைக்கு அப்பால் கடல் என்பதால் காற்றடித்த இரவுக்கு மறுநாள் இலையெல்லாம் உப்பாக இருக்கும். ஏழு மணிக்கு முன்னால் ஒவ்வோர் இலையையும் உள்ளங்கையில் ஏந்தி மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவோம். பைப்பால் பீச்சி அடிக்கக் கூடாது. ஓர் இலையில் பட்ட தண்ணீர் அடுத்த செடிக்குத் தெறித்தால் நோயும் கூடவே போகும்.

பூவின் நடுவில் நிற்கும் திரி அடியிலிருந்து மேலே நிறம் மாறிக்கொண்டு போகும். அந்த நிறம் முக்கால்வாசிக்கு ஏறியபின் வெட்டினால் பூ இரண்டு கிழமை வாடாது. வெட்டுவதற்கு எனக்கு இரண்டு மெல்லிய கத்திகள் இருந்தன. பூக் கூடையின் பிடியில் ஒரு ஜாம் போத்தல் கட்டியிருக்கும். அதில் கிருமிநாசினி. ஒரு செடியில் வெட்டிய கத்தியைப் போத்தலுக்குள் போட்டுவிட்டு, ஏற்கனவே ஊறியிருக்கும் மற்றக் கத்தியை எடுக்க வேண்டும். ஊறும் கத்திக்கு முப்பது எண்ணிக் கொடுக்க வேண்டும். "ஒண்டு கையில, ஒண்டு போத்திலில. ஒரு செடியின்ர சாறு மற்றச் செடிக்குப் போகக் கூடாது" என்பது மிஸ்ஸின் சட்டம். கத்திகள் தோட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது இன்னொரு சட்டம். மாலையில் அவற்றைத் துடைத்து ஒரு தகரப் பெட்டியில் வைப்பேன்.

போத்தலுக்குப் பொறுப்பு சோமாவதி அக்கா. சிங்களவர், தெமட்டகொடையிலிருந்து வருவார். அவருடைய கணவர் ரயில்வே யார்டில் வேலை செய்தார். இரண்டு மகள்மார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மட்டை கொத்துவது, தண்ணீர் ஊற்றுவது, காலையில் கிருமிநாசினி கலந்து போத்தலில் ஊற்றித் தருவது, மாலையில் போத்தலைக் கழுவுவது எல்லாம் அவர் வேலை. அயல் வீட்டுக்காரரிடம் பழகிய தமிழ் அவருக்கு, சந்தையில் பழகிய சிங்களம் எனக்கு. அவர் என்னை நங்கி, அதாவது தங்கை என்பார், நான் அவரை அக்கே என்பேன். மிஸ்ஸை அவர் வீட்டுக்கார அம்மா என்ற அர்த்தத்தில் நோனா என்று கூப்பிடுவார். நாள் முழுக்க ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார். நான் "ம்" போட்டால் போதும், அவருக்குக் குறை இல்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அது யுத்த காலம். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் வருவதென்றால் வழியில் எத்தனை இடத்தில் சோதனைக்கு இறக்குவார்கள் என்று சொல்ல முடியாது. அடையாள அட்டை கையிலேயே இருக்க வேண்டும். தமிழர்கள் பொலிஸில் பதிய வேண்டும் என்பதால், மிஸ் தன் வீட்டில் இருப்பவர்களைப் பதிந்த படிவத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வாசல் கதவுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று நாட்டைப் பற்றி அவர் சொன்னது ஒரே ஒரு விஷயம்தான். "வாறதும் போறதும் ஒருத்தருக்கும் தெரியாமல் இருக்க வேணும், சரசு. இந்த வாசலுக்குப் பொலிஸ் வரக் கூடாது."

ஒரு கல்யாணத்துக்குப் பெரிய ஓடர் வந்திருந்தது. ஏறக்குறைய எல்லாப் பாத்தியிலிருந்தும் பூ வெட்ட வேண்டும். கத்திகளில் ஒன்று மழுங்கியிருந்தது. மழுங்கிய கத்தி காம்பை நசுக்கிவிடும். எங்கள் தெரு முனையில் ஒருவர் நன்றாகச் சாணை பிடிப்பார். மிஸ்ஸிடம் கேட்டால் விடமாட்டார் என்று தெரியும். கேட்காமல், பூ வெட்டுவதற்கு முதல் நாள் மாலை அந்தக் கத்தியைப் பேப்பரில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். நல்ல வேலை செய்து காட்ட வேண்டும் என்ற ஆசைதான்.

மறுநாள் காலை பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். பெண்கள் தனி வரிசை. என் பைக்குள் சோற்றுப் பார்சல், குடை, பேப்பர் பொட்டலம். பொலிஸ் பெண் பொட்டலத்தைப் பிரித்தாள். அப்போதுதான் சாணை பிடித்த கத்தி பளபளவென்று இருந்தது.

"மே மொகத?" இது என்ன என்று கேட்டாள்.

"மல் கபன பிஹிய" என்றேன். பூ வெட்டுகிற கத்தி.

"என்ன பூ? எங்கே பூ?"

நேராகப் பதில் சொல்லியிருந்தால் அவள் விட்டிருப்பாளோ என்னவோ. நான் தடுமாறத் தடுமாற அவள் முகம் மாறியது. அடையாள அட்டையை வாங்கி ஒரு கொப்பியில் இலக்கத்தை எழுதினாள். வேலை செய்யும் இடம் எது என்று கேட்டாள். மிஸ்ஸின் ஒழுங்கையையும் வீட்டு இலக்கத்தையும் சொன்னேன். அதையும் எழுதினாள். கத்தியை மேசைக்குக் கீழே இருந்த ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டு, போ என்று கையைக் காட்டினாள். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பெண் இருக்கை மாறி உட்கார்ந்தாள்.

முக்கால் மணி நேரம் பிந்திப் போனேன். மிஸ் வாசல் கேற்றடியில் நின்றார்.

"சோதனையோ?"

"ஆமாங்க மிஸ்."

"அடையாள அட்டை பார்த்தவையோ? அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதாங்க மிஸ்."

அவருடைய விலாசம் பொலிஸ் கொப்பியில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வேன்? சொன்னால் அன்றோடு என்னை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன்.

பூ எடுக்கும் வான் வண்டி பத்து மணிக்கு வரும். கையில் ஒரே கத்தி. ஒவ்வொரு செடிக்கும் கத்தியை ஊறவைத்து, முப்பது எண்ணி, பிறகு எடுத்து வெட்ட வேண்டும். முதல் பத்துச் செடிக்கு முப்பது எண்ணினேன். பிறகு பதினைந்து எண்ணினேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. பிறகு கத்தியைப் போத்தலுக்குள் ஒரு முக்கு முக்கி, துணியில் துடைத்துவிட்டு வெட்டினேன். கடைசியில் முக்கினேனா என்பதுகூட எனக்கு நினைவில்லை. வான் நேரத்துக்குப் பூவோடு போயிற்று. மிஸ் சந்தோஷப்பட்டார்.

புதுக் கத்தி வாங்கலாம் என்று புறக்கோட்டையில் தேடினேன். அதே மாதிரி கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அதை பஸ்ஸில் கொண்டுவர வேண்டுமே என்ற பயத்தில் தேடுவதையும் விட்டுவிட்டேன். ஒரே கத்தியோடு, சின்ன ஓடர்களுக்கு ஒழுங்காக முப்பது எண்ணி வெட்டி, மூன்று கிழமை போயிற்று.

மூன்றாம் கிழமை முடிவில் ஆறாம் பாத்தியில் ஓர் இலையின் ஓரம் எண்ணெய் பட்ட பேப்பர் மாதிரி இருந்தது. மிஸ் அந்த இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம். "இதுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். நான் கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போனேன். இரண்டு நாளில் இன்னும் பல செடிகளில் அதே புள்ளி. சில செடிகளின் குருத்து இழுத்தால் கையோடு வந்தது. ஆறாம் பாத்தி மிஸ்ஸுக்கு உயிர். இளம்பச்சை இதழில் ரோஸ் நிற ஓரம் போட்ட பூ. அவர் பாடசாலையில் இருந்த காலத்தில் கிடைத்த ஒரே ஒரு கன்றிலிருந்து பிரித்துப் பிரித்து உண்டாக்கிய பாத்தி அது.

திங்கட்கிழமை மிஸ் ஒரு கொப்பியில் பாத்திகளை வரைந்து, வருத்தம் பிடித்த நோய்ச் செடிகளுக்கெல்லாம் வட்டம் போட்டார். மாலையில் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"தண்ணியாலே பரவினால் பக்கத்துச் செடிக்குப் போகும். இது பக்கத்தை விட்டுப்போட்டுத் தாண்டித் தாண்டிப் போயிருக்கு. கல்யாணத்துக்குப் பூ வெட்டின செடியள் மட்டும்தான்" என்றார். பிறகு கொப்பியைப் பார்த்தபடியே கேட்டார். "சரசு, ரெண்டு கத்தியையும் மாத்தி மாத்தித்தானே பாவிச்சீர்?"

"ஆமாங்க மிஸ்."

ஒரே சொல்தான். அது எங்கே போய் விழும் என்று சொல்லும்போது எனக்குத் தெரியவில்லை. மிஸ் சோமாவதி அக்காவின் பக்கம் திரும்பினார்.

"அப்ப போத்திலுக்குள்ள இருந்தது மருந்தில்லை. பச்சைத் தண்ணி."

"நோனா, நான் தெனமும் கலக்குறது. ரெண்டு மூடி. அளந்துதான்."

"போன மாசம் நீர் தமக்கை வீட்டில இருந்து ஒரு வெள்ளைச் செடியும் கொண்டு வந்தீர். நானும் கொஞ்ச நாள் புறம்பா வைச்சுப்போட்டுப் பாத்தியில வைக்க விட்டன். வருத்தம் அதோட வந்திருக்கும். உம்மட போத்தில் அதை எல்லா இடமும் கொண்டுபோய் விட்டிட்டுது." மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு இனி நம்பேலாது, சோமாவதி. நாளைக்கு வர வேண்டாம்."

சோமாவதி அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். நான் என் காலைப் பார்த்தேன். அவர் உடுப்பு மாற்றிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த நாலு நாளும் நானும் மிஸ்ஸும் செடி பிடுங்கினோம். செடியை மட்டும் பிடுங்கினால் போதாது, வேரைச் சுற்றியுள்ள மட்டையையும் அள்ள வேண்டும். எரித்துவிடுவதுதான் முறை. ஆனால் வெள்ளவத்தையில் வீட்டுக்குப் பின்னால் புகை எழும்பினால் யாராவது வந்து கேட்பார்கள். ஆகவே உரப் பைகளில் அடைத்து, வாயைக் கட்டி, குப்பை வண்டிக்குக் கொடுத்தோம். ஆறாம் பாத்தி முழுவதும் போயிற்று. மிஸ் பிடுங்கும்போது ஒவ்வொரு செடியையும் ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்ப்பார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று ஒவ்வொரு செடியிலும் என் மனம் அடித்துக்கொண்டது. மாலையானதும் நாளைக்குச் சொல்லலாம் என்று வீட்டுக்குப் போவேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டெலிபோன் அடித்தது. நான் சமையல் குசினி வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தேன். அடுத்த ஒழுங்கையில் இருந்த ஓர் அம்மா. சோமாவதி அக்கா அவர் வீட்டுக்கு வேலை கேட்டுப் போயிருக்கிறார். எப்படிப்பட்ட ஆள் என்று அந்த அம்மா விசாரிக்கிறார் என்பது மிஸ்ஸின் பேச்சிலேயே தெரிந்தது.

"களவெடுக்க மாட்டாள்" என்றார் மிஸ். "ஆனால் கவனம் இல்லை. அவளாலை எனக்கு ஒரு பாத்தியே போச்சு. பிறகு நான் சொல்லேல்லை எண்டு சொல்லாதையுங்கோ."

இங்கே போன வேலை அங்கேயும் போகிறது என்று எனக்கு விளங்கியது. மிஸ் டெலிபோனை வைத்துவிட்டுத் திரும்பியபோது நான் அவர் முன்னால் நின்றேன். போய்த் தகரப் பெட்டியை எடுத்து வந்து மேசையில் வைத்துத் திறந்தேன். உள்ளே ஒரு கத்தி.

மிஸ் பெட்டியைப் பார்த்தார். "இதுக்கு என்ன நடந்தது?"

சாணை பிடிக்கக் கொண்டுபோனது, பஸ்ஸில் இறக்கியது, கொப்பியில் எழுதியது, முப்பது பதினைந்தானது எல்லாவற்றையும் சொன்னேன். எந்த ஒழுங்கில் சொன்னேன் என்று தெரியாது. முடிந்ததும் மிஸ் பெட்டியை மூடினார்.

"என்ர விலாசத்தைக் குடுத்தீரோ?"

"ஆமாங்க மிஸ்."

"ஒரு மாசம் ஆகுது. ஒருத்தரும் வரேல்லை."

"இல்லீங்க மிஸ்."

"வந்திருந்தால் நான் கதைச்சிருப்பன். முப்பது வருசம் அதுதானே என்ர வேலை." கண்ணாடியைக் கழற்றினார். "நீர் பொலிசுக்குப் பயந்தீரோ, எனக்குப் பயந்தீரோ?"

"ரெண்டு பேருக்கும் மிஸ்."

மிஸ் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். டெலிபோனை எடுத்து அதே அம்மாவைக் கூப்பிட்டார். "நான் இப்ப சொன்னது பிழை. சோமாவதியிலை ஒரு குற்றமும் இல்லை. குற்றம் என்ர வீட்டில. ஆனால் நீங்கள் அவளை எடுக்க வேண்டாம், நான் திருப்பிக் கூப்பிடப் போறன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தெமட்டகொடையில வீடு தெரியுமோ?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "நான் சேலை மாத்திக்கொண்டு வாறன்."

அந்த வருடங்களில் மிஸ் பம்பலப்பிட்டியைத் தாண்டி எங்கும் போனதில்லை. சுவரில் மாட்டியிருந்த படிவத்தை உறையோடு கழற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு த்ரீவீலரில் ஏறினார். வழியில் ஓர் இடத்தில் மறித்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று ஒரு சிப்பாய் கேட்டான். மிஸ் புத்தகத்தில் படித்த சிங்களத்தில், ஒவ்வொரு சொல்லாக, "சமாவ இல்லன்ன யனவா" என்றார். மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று அர்த்தம். சிப்பாய்க்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டான். மிஸ் இன்னும் சத்தமாகச் சொன்னார். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, போங்கள் என்று கையசைத்தான்.

சோமாவதி அக்கா ரயில்வே வீட்டின் முன்னால் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஈரக் கையைத் துடைத்தபடி நின்றார். மிஸ் உட்காரவில்லை.

"நான் உமக்கு அநியாயம் செய்துபோட்டன். நீர் கலந்த மருந்து சரி. பிழை கத்தியில. ஒரு கத்திதான் இருந்திருக்கு" என்றார்.

"எனக்குத் தெரியும் நோனா" என்றார் சோமாவதி அக்கா.

மிஸ் திகைத்துப் போனார். "என்னெண்டு தெரியும்?"

"நான்தானே போத்தல் கழுவுறது? ரெண்டு கத்தி இருந்தா அடியில ரெண்டு துருக்கோடு இருக்கும். ஒண்ணுதான் இருந்துச்சு. எனக்குக் கண்ணு இல்லையா?"

"பிறகேன் அண்டைக்குச் சொல்லேல்லை?"

"நான் சொன்னா நோனா கேக்கும், மத்தக் கத்தி எங்க? இந்தக் காலத்துல தமிழ்ப் புள்ள கத்தி காணோம்னு சொன்னா சும்மா போற கதையா? இந்தப் புள்ள வாய்ல எது வரும்னு எனக்குத் தெரியாது. சரி, நங்கியே சொல்லட்டும்னு வந்துட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் குரல் ஏறியது. "ஒரு நாள் பாத்தேன். ரெண்டு நாள் பாத்தேன். நாலு நாள், நங்கி! என் மக கேக்குது, அம்மே ஏன் வேலைக்குப் போகலைன்னு. ஒனக்கு நாலு நாளும் சோறு எறங்குச்சா?"

"எறங்கல, அக்கே."

"பொய். சாப்பிட்டிருப்ப."

சாப்பிட்டிருந்தேன். தலையைக் குனிந்தேன்.

"நாளைக்கும் வரலைன்னா நானே வந்து கேற்றடியில நின்னு கத்தியிருப்பேன், தெருவே கேக்க" என்றார். பிறகு உள்ளே போய் இரண்டு கதிரையைக் கொண்டுவந்து போட்டார். பால் போடாத பிளேன்டீ வந்தது. குடித்துக்கொண்டிருக்கும்போது, தன் அக்கா வீட்டுச் செடியால்தான் வருத்தம் வந்ததா என்று மிஸ்ஸிடம் கேட்டார். அதுதான் அவர் மனதில் கிடந்தது போலும்.

"வந்திருக்கலாம். எனக்குத் தெரியாது" என்றார் மிஸ். "கத்தி ஒழுங்காய் இருந்தால் அந்த ஒரு செடியோட நிண்டிருக்கும்."

புறப்படும்போது மிஸ், "திங்கட்கிழமை வாறீரோ?" என்று கேட்டார்.

"வாறேன். ஆனா இனிமே தோட்டத்துல என்ன நடந்தாலும் நோனா கேக்க முந்தி இது வாயத் தொறக்கணும்" என்று என்னைக் காட்டினார் சோமாவதி அக்கா. "இல்லன்னா நான் இதோட வேலை செய்ய ஏலாது."

நான் தலையை ஆட்டினேன்.

சனியும் ஞாயிறும் மிஸ் காலி வீதிக் கடைகளில் தானே ஏறி இறங்கிக் கத்தி தேடினார். புதன்கிழமை எடுத்துத் தருவதாக ஒரு கடைக்காரர் சொன்னாராம். திங்கட்கிழமை சோமாவதி அக்கா வந்தார். என்னோடு பேசவில்லை. வெறுமையாகக் கிடந்த ஆறாம் பாத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மட்டை கொத்தத் தொடங்கினார். ஒன்பதரை மணிக்கு மிஸ் சேலைக் கிளிப்போடு தோட்டத்துக்கு வந்தார்.

"கொட்டாஞ்சேனை மாதா கோயிலுக்கு ஐம்பது பூ வேணுமாம், சரசு. பத்து மணிக்கு ஆள் வரும்" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

வழக்கமாக நான் தலையாட்டுவேன். மட்டை கொத்துகிற சத்தம் நின்றிருந்தது.

"மிஸ்" என்றேன். எனக்கே சத்தம் கூடிப்போன மாதிரி இருந்தது. "ஒரு கத்திதாங்க இருக்கு. முப்பது எண்ணி வெட்டினா பத்து மணிக்குள்ள ஐம்பது ஏலாது."

மிஸ் நின்றார். "எத்தனை ஏலும்?"

"இருபது."

"அப்ப இருபது."

அவர் வீட்டுக்குள் போனார். ஜன்னல் திறந்திருந்தது. கோயிலுக்கு டெலிபோன் எடுத்துப் பேசுவது எங்கள் இருவருக்கும் கேட்டது. அந்த நாட்களில் யாராவது ஒட்டுக்கேட்பார்கள் என்று டெலிபோனில் எல்லாரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். மிஸ் வகுப்பறையில் பேசுகிற மாதிரி பேசினார்.

"இருபதுதான் தரலாம், ஃபாதர். இல்லையில்லை, பூ கிடக்கு. கத்திதான் இல்லை. எங்கட பிள்ளையின்ர கத்தியைச் சோதனையில எடுத்துப்போட்டினம். ஓம், பூ வெட்டுற கத்தி. ஓம் ஃபாதர், அதைத்தான் சொல்லுறன்."